எழுபது ரூபாய், ஐந்து வால்வு

கோவை அவிநாசி சாலையில் கோல்ட்வின்ஸ் பக்கம் ஏறி உப்பிலிபாளையத்தில் இறங்குகிற மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். நீளம் பத்துக் கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து கோவைக்குப் போய் வருகிற எங்களுக்கு நல்ல காரியம். பெயரில் சாதி ஒட்டிக்கொண்டு இருக்கலாமா கூடாதா என்று சில நாள் சண்டை நடந்தது. அது ஓய்ந்ததும் வாட்ஸப்பில் வழக்கமான பட்டியல் சுற்ற ஆரம்பித்தது. சவர மெஷின் செய்தவர், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கார் தருகிறேன் என்றவர், ஒரே பகலில் வீடு கட்டிக் காட்டியவர், ஹிட்லரைப் படம் எடுத்தவர். எனக்கு வந்த பட்டியலில் ரேடியோ கடைசி வரியில், ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கிடந்தது. அதுவும் இல்லாத பட்டியல்கள் உண்டு.

சவர மெஷினையும் காரையும் நான் குறைத்துப் பேசவில்லை. ராசாண்ட் என்ற அந்தச் சவர மெஷின் அருமையான பொருள்தான். உலர் பாட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டாரைக் கைக்குள் அடக்குவது முப்பதுகளில் லேசான வேலையில்லை. ஆனால் அது ஒருவர் தாடையோடு முடிந்துபோகிற காரியம். காருக்கு 1952-இல் அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, அதனால் அது ரோட்டுக்கே வரவில்லை. அவர் வளர்த்த பத்தடி உயரப் பருத்திச் செடி பார்த்து வியக்கத்தான். ரேடியோ அப்படியா? நாயுடுவின் யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தோடு ஒரு பெட்டி ஒரு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால் அன்று சாயங்காலம் அந்த வீதியே திண்ணைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்.

1941-இல் நாயுடு ஒன்றை அறிவித்தார்: ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த எழுபதைப் பிடித்துக்கொள்வார்கள். சீமையிலிருந்து கப்பலில் வந்த செட்டுகள் நூற்றுக்கணக்கில் விலை சொன்ன காலம், போர் வேறு நடக்கிறது, எழுபது என்பது பெரிய சவால்தான். எனக்கோ மரியாதை அந்த ஐந்தின் மேல். விலையைக் குறைக்க நினைக்கிற எவனும் முதலில் கை வைப்பது வால்வு எண்ணிக்கையில். ஒரு ரேடியோவில் விலை கூடின சரக்கு அதுதான். அன்றைக்கு இந்தியாவில் ஒரு வால்வுகூடச் செய்யப்படவில்லை, அத்தனையும் இறக்குமதி. பெங்களூர் பெல் கம்பெனி வால்வு செய்ய ஆரம்பித்தது அறுபதுகளில். ஆக மூன்று வால்வில் ஒரு லோக்கல் செட்டைப் பண்ணி, நாற்பது ரூபாய்க்கு விற்று, பேரும் வாங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சென்னைக்காரன் சொல்லியிருக்கவே மாட்டான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லோக்கல் செட் என்பது நிலையம் இருக்கிற ஊர்க்காரனுக்கு. சென்னையில் 1938-லிருந்து அகில இந்திய வானொலி இருந்தது. அதற்கு முன்னால் 1924-இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் ரேடியோ கிளப், பிறகு மாநகராட்சி ஒலிபரப்பு. ஜன்னலில் ஒரு முழம் கம்பியை நீட்டினால் அங்கே பாட்டு விழும். எங்களுக்கு? கோவை நிலையம் வந்தது 1966-இல்தான். அதுவரைக்கும் திருப்பூருக்குப் பக்கத்து நிலையம் என்றால் 1939-இல் ஆரம்பித்த திருச்சி. காக்கை பறக்கிற கணக்கிலேயே நூற்றைம்பது கிலோமீட்டர். பகலில் முனகும், ராத்திரியில் ஏறி இறங்கும், பக்கத்திலேயே வேறு மொழிக்காரன் வந்து தோளில் இடிப்பான். பக்கத்து நிலையத்தை வடிகட்டுகிற ஐ.எப். கட்டமும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற ஏ.வி.சி.யும் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு அவிநாசியிலும் பல்லடத்திலும் திருச்சியைப் பிடித்து நிறுத்த முடியாது. கொழும்பு அதற்கும் தொலைவு. 1941 மே மாதம் லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழில் பேச ஆரம்பித்தது. அதைக் கேட்கச் சிற்றலையும் வேண்டும். பட்டணத்துக்காரனுக்கு மூன்று போதும், பட்டிக்காட்டானுக்கு ஐந்து வேண்டும் என்பது ரேடியோ தெரிந்த எவனுக்கும் தெரியும். எழுபது ரூபாய்க்கு வாங்கக் கூடியவனும் அந்தப் பட்டிக்காட்டான்தான் என்று முடிவு பண்ணி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னது நாயுடு.

களங்கலில் பிறந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? சூலூருக்குப் பக்கத்துக் கிராமம், எங்களுக்கு ஒரு சைக்கிள் மிதி தூரம். பிறந்தது 1893. படிப்பு வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்ததோடு முடிந்தது என்று சொல்வார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். கோவையில் ஓட்டலில் வேலைக்கு நின்று காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் அக்கு அக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். முதல் உலகப் போர் சமயத்தில் எங்கள் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலை வைத்துச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் அங்கேயுள்ள பெரிய கைகளோடு மோதி அத்தனையையும் விட்டுவிட்டு வந்தார். திருப்பூரில் இது புதுக் கதை இல்லை. இங்கே காலையில் பார்த்த முதலாளியைச் சாயங்காலம் ஸ்டேட்டஸ் இறங்கிப் பார்க்கலாம். அடுத்த தீபாவளிக்கு அவரே புது பில்டிங் கட்டிக்கொண்டிருப்பார். நாயுடுவுக்குக் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் தவணையில் ஒரு பஸ் கொடுத்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். பிற்பாடு ரேடியோப் பெட்டியிலும் அதே பெயர்.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இந்தப் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோவையில் ஸ்பின்னிங் மில்கள், திருப்பூரில் பனியன் மெஷின், கிணற்றடியில் மோட்டார். 1937-இல் பீளமேட்டு நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி.டி. நாயுடு மின் மோட்டார் செய்தார். கம்பி போன வீட்டில் விளக்குக்கு அடுத்தபடியாக மாட்ட என்ன இருந்தது? ஃபேன் பணக்காரச் சமாசாரம். ரேடியோதான். மோட்டாரிலிருந்து ரேடியோவுக்கு அவர் போனது பட்டியல் போடுகிறவர்களுக்குக் குரங்குத் தாவல் மாதிரித் தெரியும். அவருக்கு அது அதே கம்பியில் அடுத்த கம்பம்.

இந்த இடத்தில் என் அவிநாசி நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கிரண்டிக் பைத்தியம். ஜெர்மன் பெட்டி, வார்னிஷ் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பியானோ கட்டைகள், பச்சைக் கண், இரண்டு பக்கமும் டுவீட்டர். யு.எம்.எஸ். என்று நான் வாயெடுத்தால், “கோயமுத்தூர்ச் சரக்குங்க அது” என்று ஒதுக்கிவிடுவார். பாஸ் கேட்டீர்களா என்பார். கேட்டிருக்கிறேன். வயிற்றில் இறங்குகிற பாஸ்தான். ஆனால் அந்தக் கட்டைகளில் ஒன்று எஃப்.எம்.முக்கு, இந்தியாவில் 1977-இல் சென்னையில் எஃப்.எம். வருகிற வரைக்கும் அந்தக் கட்டைக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. வந்த பிறகாவது? அந்தக் காலத்து ஜெர்மன் செட்டில் முள் நூறு மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கோவை வானொலியின் பண்பலை 103-இல் இருக்கிறது. பெர்லின்காரனுக்காகச் செய்த பெட்டி நம் வீட்டில் விருந்தாளியாகவே உட்கார்ந்திருக்கிறது. மர்ஃபி ஆட்கள் வேறு ரகம். அவர்கள் ரேடியோவைப் பற்றிப் பேசுவதைவிட விளம்பரத்துக் குழந்தையைப் பற்றிப் பேசுவது அதிகம். பிலிப்ஸோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனாலும் வானொலியில் பாட்டு மட்டுமே வந்ததுபோல இவர்கள் எல்லோரும் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பேச்சு வந்தது. பருத்தி விலை வந்தது. மழை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர், திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சியில் கேட்டுத்தான் விதைத்தார்கள். நடுச்சுரங்களில் தெளிவாக நின்று மனுஷக் குரலைத் தெரு முனை வரைக்கும் கொண்டுபோகிற பெட்டிதான் அதற்கு வேண்டும். பாஸ் எதற்கு?

எங்கள் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரேடியோக்காரர் இருந்தார். சந்து அளவு கடை. கூரையிலிருந்து ஒயர் தொங்கும், பலகையில் சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டே இருக்கும், ரோசின் புகை வாசம் வெளியே வரைக்கும் வரும். எங்கள் அப்பாரு செட்டைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போவார், நான் பின்னாலேயே போவேன். செட்டைத் திறக்கிறதுக்கு முன்னால் அந்த மனுஷன் ஒருதரம் போட்டுக் கேட்பார். நான் எட்டிப் பார்த்தால், “கண்ணு, கையக் கட்டிக்கிட்டு மொதல்ல கேளு. ஹம் அடிக்குதா, கரகரங்குதா, இல்ல வாயே தொறக்கலையா? பொட்டியே சொல்லிப் போடும்” என்பார். ஹம் என்றால் பில்டர் கண்டன்சர். கரகரப்பு என்றால் வால்யூம் கண்ட்ரோல், இல்லையென்றால் வால்வு காலில் துரு. வாயே திறக்கவில்லை என்றால் அவுட்புட் வால்விலிருந்து பின்னாலேயே நடந்து வருவார், ஒவ்வொரு கிரிட்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டு ‘டொக்’ என்ற சத்தம் வருகிறதா பார்த்துக்கொண்டு. எங்கே டொக் நிற்கிறதோ அங்கே நோய். மீட்டர் அவரிடம் இருந்தது, உறை பிரிக்காமல்.

அவர் ரேடியோ வேலை பழகியது எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. அந்தத் தலைமுறைக் கொங்கு மெக்கானிக்குகள் பெரும்பாலும் அப்படித்தான்: கழற்றிப் பார்த்தவர்கள். நாயுடு கடைசி வரைக்கும் வாதாடியது இவர்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். 1944-இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று நன்கொடைகளை அறிவித்தார். 1945-இல் அவர் கொடுத்ததை வைத்து, அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., அதன் தொடர்ச்சி. முதல் முதல்வர் மூன்றாம் வகுப்புத் தாண்டாத நாயுடு. நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் தாராளம் என்றார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை, பதவியை விட்டுவிட்டார். கல்வியாளர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ரேடியோக்காரர் வேலை செய்ததைப் பார்த்தவன் சிரிக்க மாட்டான். பெரிய கொடையாளிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கோயிலுக்குக் கோபுரமும் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலும் கொடுத்து, கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். கொடுத்த பணத்தைவிடப் பாடத்திட்டத்துக்காகச் சண்டை பிடித்தவர் அபூர்வம்.

அவருடைய கோபம் எனக்கு எப்போதும் ருசிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிவிதிப்பைக் கண்டித்துத் தன் தயாரிப்புகளையே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார். எதிர்ப்பு சரியாக இருக்கலாம். செய்தவன் கையாலேயே பொருள் உடைவதை எந்த மெக்கானிக்கும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். 1974 ஜனவரி 4-ஆம் தேதி அவர் இறந்தபோது வால்வு செட்டுகளின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, பனியன் கம்பெனி பையன்கள் சைக்கிள் ஹேண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். தபாலாபீஸில் புஸ்தகத்தைக் கொடுத்து ரேடியோ லைசென்ஸ் புதுப்பிக்கிற வழக்கம்கூட எண்பதுகளின் நடுவில் போய்விட்டது. எங்கள் செட்டின் லைசென்ஸ் புஸ்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டின பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன். பழைய பத்திரத்துக்கு உண்டான கௌரவம் அதற்கு உண்டு.

இப்போதைக்கு வருவோம். பழைய பெட்டிகளுக்குத் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. மகிழ்ச்சியடைய வேண்டிய விஷயம்தானே என்றால் இல்லை. வாங்குகிறவர்களுக்குப் பெட்டி மட்டும் போதும். சேஸிஸைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு புளூடூத் போர்டை ஒட்டி, டயல் கண்ணாடிக்குப் பின்னால் எல்.இ.டி. பட்டையைச் சுற்றி, காபிக்கடை அலமாரியில் வைக்கிறார்கள். திருகினால் முள் நகராது. பொம்மைக்கு இருக்கிற யோக்கியதைகூட இல்லை. பொம்மையாவது எதையும் வெட்டிச் செய்வதில்லை. இன்னொரு கூட்டம் ரிப்பேர் செய்கிறேன் என்று கிளம்பியிருக்கிறது. டயல் கயிறு அறுந்தால் கைக்குக் கிடைத்த நூலைப் போட்டுக் கட்டுகிறார்கள். திருப்பூரில் கைக்குக் கிடைப்பது ஓசைரி நூல். துணி மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக முறுக்கைக் குறைத்து நூற்ற நூல் அது. ஸ்பிரிங்கில் மாட்டி, டிரம்மைச் சுற்றி, ஸ்பிண்டிலில் இரண்டரைச் சுற்றுப் போட்டு இழுத்தால் முதல் நாள் நன்றாக ஓடும். பிறகு இழையும், முள் தேங்கும், திருச்சியின் 936-இல் முள் நிற்கும்போது விஜயவாடா தெலுங்கில் பேசும். மீன் பிடிக்கிற நரம்பும் ஆகாது, ஸ்பிண்டிலில் வழுக்கும். பின்னல் போட்ட, நீளாத, லேசாக மெழுகு தடவின கயிறு வேண்டும். அதைத் தேடிப் போகிற பொறுமை இருந்தால்தான் வால்வு செட்டில் கை வைக்க வேண்டும். பின்னலாடை ஊரில் ஒரு முழம் பின்னல் கயிறு கிடைக்காதது என்ன கொடுமை.

ரேடியோவுக்குள் வந்து விழுகிற மெஷின் சத்தத்தைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? முன்பெல்லாம் பவர்டேபிள் தையல் மெஷினில் கிளட்ச் மோட்டார். பெடலை மிதித்தால் ஒருதரம் ‘கர்’ என்னும், அவ்வளவுதான். இப்போது எல்லாம் சர்வோ. கரண்டு மிச்சம், முதலாளிக்கு லாபம், டெய்லருக்கும் நல்லது. மீடியம் வேவுக்கு எமன். அதோடு எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர். வாரநாளில் ஒன்றரை ஷிப்ட் முடிகிற வரைக்கும் கோவை 999-கூட எங்கள் வீதியில் சுத்தமாக எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. போனஸ் வாங்கிக்கொண்டு வெளியூர் ஜனம் எல்லாம் பஸ் ஏறிவிடுகிற தீபாவளி வாரம்தான் திருப்பூரில் ரேடியோ கேட்க உத்தமமான காலம். ஊரே ஓய்ந்திருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் முள்ளைத் தள்ளினால் நாலு மாநிலம் வரிசையாக வரும். நாயுடுவின் ஐந்து வால்வுக் கணக்கு அந்த வாரத்தில் ருசுவாகும்.

கேட்பதற்கும் ஆள் குறைகிறது, சொல்வதற்கும் நிலையம் குறைகிறது. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை 2017-இல் நின்றது. மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை அகில இந்திய வானொலியே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. தனியார் பண்பலைகளில் பேசுகிறவர்கள் மூச்சு விடுவதே இல்லை. கட்டிங் மாஸ்டரும் கைமடிக்கிற பெண்களும் அதைக் கேட்பதில்லை, மெஷின் சத்தத்துக்கு மேல் ஒரு சத்தம் வேண்டும் என்று ஓடவிட்டிருக்கிறார்கள். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் வேகமாகத்தான் பேசினார்கள். ஆனால் பாட்டு எங்கே ஆரம்பிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொன்னால் என் மகன், “அப்பா, உங்களுக்கு எதுதான் பிடிச்சுது” என்கிறான்.

அவிநாசி நண்பர் சமீபத்தில் வீட்டுக்கு வந்தார். கிரண்டிக்கில் குரல் கம்மி, பாஸ் உடைகிறது என்றார். கையைக் கட்டிக்கொண்டு கேட்கச் சொல்லத் தேவையில்லை, கேட்காமலே தெரியும்: அவுட்புட் வால்வு இ.எல். 84 கிழண்டு போயிருக்கும். ஜெர்மன் வால்வு எங்கேயும் கிடைக்கவில்லையாம். என் டப்பாவில் பெங்களூர் பெல் கம்பெனி வால்வு ஒன்று அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. கொடுத்தேன். போட்டுக் கேட்டுவிட்டு, “பாஸ் பழையபடி வந்திருச்சுங்க” என்று போன் பண்ணினார். எந்த ஊர் வால்வு என்பதை அவருடைய கிரண்டிக் கூட்டாளிகளிடம் இதுவரைக்கும் அவர் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.